வெறுங்காலுடன் வென்ற பருவம்

சனிக்கிழமை காலை 6.10. சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். ஜன்னலோர இருக்கை கேட்டிருந்தேன். நடு இருக்கை கிடைத்தது. யாழ்ப்பாணத்திலுள்ள எங்கள் கல்லூரிக்குப் பழைய மாணவர் சங்கம் நினைவு மலர் போடுகிறது. ஐம்பதுகளின் கடைசியில் ஒரு பருவம் முழுக்க வென்று, கொழும்பில் நடந்த இறுதியாட்டத்தில் மட்டும் தோற்ற உதைபந்தாட்ட அணியைப் பற்றி எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கூட்டத்துக்குப் போகாதவன் தலையில்தான் இப்படிப்பட்டவை விழும். அந்தப் பதினொரு பேரில் இன்று இருப்பவர்கள் இருவர். இருவரும் மெல்பேர்னில்.

காலை 10.20, வெரிபீ. விமான நிலையத்திலிருந்து நகரம் வரை பஸ், பிறகு ரயில். பயண அட்டையில் இருபது டாலர் போட்டேன். நகரத்திலிருந்து முப்பத்திரண்டு கிலோமீற்றர். புதுக் குடியிருப்பில் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி; இலக்கம் பார்க்காமல் நுழைந்தால் யார் வீட்டிலும் தேநீர் குடித்துவிட்டு வரலாம். கோல் காப்பாளராக இருந்த இராசநாயகம் அங்கிள் மகளோடு இருக்கிறார். எண்பது தாண்டி வெகு காலம். கைகள் இன்னும் அகலம்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எல்லோரும் வெறுங்காலுடன்தான் ஆடினார்கள். கொழும்புச் சனம் சிரிக்கும் என்று, இறுதியாட்டத்தன்று காலை கல்லூரி பதினொரு சோடி பூட்ஸ் வாங்கிக் கொடுத்தது. இராசநாயகம் அங்கிளின் அளவு கடையில் இல்லை. ஒரு இலக்கம் பெரியதில் பேப்பர் அடைத்துப் போட்டுக்கொண்டார். கடைசி ஐந்து நிமிடத்தில், சும்மா உருண்டு வந்த பந்துக்கு ஓடினார். கால் வழுக்கியது. அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்தது.

"நான் கோட்டை விட்டிட்டன் எண்டு செத்தவீட்டிலயும் சொல்லிக் காட்டுவினம், தம்பி" என்றார். "இடைவேளையில கப்டனிட்டக் கேட்டனான், இதைக் கழட்டிப்போட்டு நிக்கட்டோ எண்டு. அவன் விடேல்ல. அதை மலரில போடோணும்."

"அவர் ஒத்துக்கொள்ள வேண்டாமோ, அங்கிள்?" என்றேன். இருவரில் மற்றவர் அந்தக் கப்டன்தான்.

"கேளுங்கோ. அங்கதானே போறியள்."

"நீங்கள் அவரோட கதைக்கிறேல்லையோ?"

"கேரம் டவுன்ஸ் கோயில்ல வருசா வருசம் காணுறனாங்கள். சுகம் கேப்பான். மாட்சைப் பற்றி மட்டும் ஒரு சொல்லு வராது."

பகல் 1.05. நகரத்தில் ரயில் மாறினேன். பக்கத்து இருக்கைக்காரர் கழுத்தில் அணிக்கொடி நிறத்தில் சால்வை. இந்த நகரத்தில் புட்போல் என்றால் முட்டை வடிவப் பந்து. நான் எந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று விளக்க இரண்டு நிலையங்கள் கடந்தன. "வெறுங்காலோடா?" என்று கேட்டவர், தன் பாதங்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பிற்பகல் 2.15, கிளென் வேவர்லி. பாதையின் கடைசி நிலையம். அணித் தலைவர் செல்வரத்தினம் அங்கிள் ஓய்வுபெற்ற பொறியியலாளர். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆட்டம் ஆட்டமாகப் பருவத்தைச் சொன்னார். இறுதியாட்டம் வந்ததும் வெரிபீயில் கேட்டதைச் சொன்னேன். மறுப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். தேநீரைக் கீழே வைத்தார்.

"கேட்டவன்" என்றார். "ரெண்டு தரம் கேட்டவன்."

"ஏன் விடேல்ல?"

"பத்துப் பேர் பூட்ஸோட நிக்க, அவன் ஒருத்தன் வெறுங்காலோட நிண்டா சனம் அவனைத்தான் பாக்கும். பட்டிக்காட்டார் எண்டு எல்லாரையும் சேத்துச் சிரிக்கும். எனக்கு வெக்கமா இருந்தது, தம்பி." என் குறிப்புப் புத்தகத்தைக் காட்டிச் சொன்னார்: "எழுதுங்கோ. என்ர பேரோட எழுதுங்கோ. கோயில்ல காணேக்க எல்லாம் சொல்லோணும் எண்டு நினைப்பன். பேந்து சுகம் கேட்டிட்டு வந்திடுவன்."

மாலை 4.10. ரயில் மேடையில் நின்று வெரிபீக்குப் போன் எடுத்தேன். சோதனை முடிவை வீட்டுக்கு அறிவிக்கும் மாணவன் மாதிரிச் சத்தமாகத்தான் பேசினேன். "அங்கிள், ஒத்துக்கொண்டிட்டார்! நீங்கள் ரெண்டு தரம் கேட்டதெண்டும் சொன்னவர். பேரோட போடச் சொன்னவர்."

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ அதைக் குறைத்தார்கள்.

"அப்ப அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கு" என்றார்.

"ஓம் அங்கிள். எல்லாம் நல்ல ஞாபகம்."

"மறந்துபோனான் எண்டு நினைச்செல்லோ, தம்பி, நான் இவ்வளவு காலமும் அவனோட சிரிச்சுக் கதைச்சனான்."

போன் நின்றுவிட்டது. திரும்ப எடுத்தேன், மகள்தான் பேசினார், அப்பா படுத்துவிட்டார் என்றார். மணி நாலேகால் கூட ஆகவில்லை.

ரயிலுக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. மலருக்கு வேண்டிய வாக்கியம் என் குறிப்புப் புத்தகத்தில் இருந்தது, அவர் கேட்டபடியே. எனக்கு வெட்கமாக இருந்தது. சிட்னியிலும் எனக்குக் கோயிலில் வருடா வருடம் சுகம் கேட்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் எதை மறந்தார்கள், எதை மறக்கவில்லை என்று நான் விசாரிக்கப்போவதில்லை.