அருவிக்கரைக்கு வந்த நர்ஸம்மா

பிள்ளைகளே, அறுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆனி மாதம் தென்காசியில் நடந்தது இது. நீங்கள் யாரும் அப்போது பிறக்கவில்லை. பாவூர்சத்திரம் பக்கம் குத்தகை நிலத்தில் வெங்காயத்துக்கு வரப்பு வெட்டிக்கொண்டிருந்தேன். மண்வெட்டி நழுவி இடது பாதத்தில் ஆழமாக இறங்கிவிட்டது. எங்கள் பக்கம் எல்லாரும் செய்கிறதையே நானும் செய்தேன். சாணியை அள்ளி அப்பி, துணியைச் சுற்றிக்கொண்டு மிச்ச வேலையையும் முடித்தேன்.

மூன்றாம் நாள் கால் வீங்கியதும் உங்கள் அம்மா அழுது அடம்பிடித்து என்னைத் தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

அங்கே ஒரு நர்ஸம்மா. நாற்பது வயதிருக்கும். ராயகிரிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் மாடும் வயலுமாக வளர்ந்தவர். ஒவ்வொரு கட்டிலிலும் புண்ணின் கட்டை அவிழ்க்குமுன் கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய ஒரு ஜெபம் செய்வார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை அவர் தவறவிட்டதே இல்லை என்று வார்டில் சொல்வார்கள். நாற்றத்துக்கு முகம் சுளிக்காமல் என் புண்ணைக் கழுவிவிட்டு, "ரணஜன்னிக்கு, அதான் புண்ணு வழியா வருத இழுப்புக்கு, போடுத ஊசி தீந்துபோச்சு. காலைல திருநவேலில இருந்து வந்துரும். எங்கனயும் போயிராதே" என்றார்.

எனக்கோ ஊசி என்றாலே பயம். பக்கத்துக் கட்டில் பெரியவர் வேறு, "குத்தாலத்துத் தண்ணி மூலிகையத் தொட்டுட்டு வருதுலே. அதுல நின்னாலே புண்ணு ஆறிரும்" என்று ஏற்றிவிட்டார். மறுநாள் ஞாயிறு. உங்கள் அம்மா கஞ்சி வாங்கப் போன நேரம் பார்த்து, நொண்டிக்கொண்டே குற்றாலம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

சாரல் நன்றாக இருந்தது. எண்ணெய் தேய்த்த கூட்டத்தோடு நானும் முண்டியடித்து அருவிக்குக் கீழே போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு குரல்.

"ஏலே வெங்காயக்காரா! வெளிய வாலே!"

ஆராதனைக்கு உடுத்திய வெள்ளைச் சேலையில், நனைந்துகொண்டு நர்ஸம்மா நின்றார். ஆராதனைக்குப் போகுமுன் எனக்கு ஊசி போட வந்தவர், காலிக் கட்டிலைப் பார்த்ததும் பெரியவரை விசாரித்துவிட்டு நேரே வந்திருக்கிறார். நான் ஒரு தொந்திக்காரருக்குப் பின்னால் ஒளிந்தேன். அந்த ஆளோ என்னை முன்னால் தள்ளிவிட்டு, "யக்கா, தூக்கிக்கிட்டு வரணுமா, நடந்து வருவாரா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

வெட்கத்தை மறைக்க, "இன்னிக்கு ஆராதனைக்குப் போகலியாக்கா?" என்றேன்.

"ஆண்டவரு அங்கனயேதான் இருப்பாரு. நீதான் இருக்கமாட்டே. பஸ்ல ஏறு."

பஸ்ஸில் இரண்டு பேருக்கும் அவரே சீட்டு எடுத்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "எந் தம்பிக்கும் இப்படித்தான் கால்ல வெட்டுப்பட்டுது. அவனுக்கு எட்டு வயசு. எட்டாம் நாளு வாய் பூட்டிக்கிட்டுது. உடம்பு வில்லா வளைஞ்சு போயிட்டான்." நனைந்த முந்தானையைப் பிழிந்தார். "சாணி அப்புனது நாந்தான். எங்க அம்மை வயல்ல நின்னா. நல்லதுன்னு நெனச்சு அப்புனேன்."

ஆஸ்பத்திரி வாசலில் உங்கள் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். நான் கையை நீட்டினேன். நர்ஸம்மா கண்ணை மூடி வழக்கம்போல ஜெபித்துவிட்டு ஊசியைப் போட்டார். பன்னிரண்டு நாள் அவரே புண்ணைக் கழுவிக் கட்டினார். கால் பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

சில வருஷங்கள் கழித்து, அந்த வருஷத்து முதல் வெங்காயம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரி வேலையில் இருக்கும்போதே காய்ச்சல் கண்டு காலமாகிவிட்டார் என்றார்கள். வெங்காயத்தை வார்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவருடைய தம்பியை நான் பார்த்ததில்லை. உங்களைத் தோளில் வைத்து வரப்பில் நடந்த ஒவ்வொரு நாளுக்கும் அந்த அக்காவுக்கு நன்றி சொல்லும்போது, பெயர் தெரியாத அந்தப் பிள்ளைக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறேன்.