மார்கழிப் பூசணி

"பூவப் பத்திப் படிக்கிறதுக்கு ஒரு காலேஜா? பூவு இன்னான்னு எனுக்குத் தெரியாதா?"

அம்மா இப்படிக் கேட்டபோது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். தேர்வு முடிந்ததும் என்னைச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்த்துவிட அம்மா முடிவு செய்திருந்தாள். நான் தாவரவியல் படிப்பதென்று முடிவு செய்திருந்தேன்.

அது மார்கழி. முடிச்சூரில் எங்கள் வீட்டுக் கூரைமேல் பூசணிக்கொடி படர்ந்திருந்தது. கோலத்தில் சாணி உருண்டைமேல் செருக, தெருப் பெண்கள் எங்களிடம்தான் பூ கேட்டு வருவார்கள். அடியில் பிஞ்சு உள்ள பூவை அம்மா தொடமாட்டாள். பிஞ்சில்லாத, காம்பு நீண்ட பூக்களை மட்டும் விடியுமுன் ஒன்று விடாமல் பறித்துக் கொடுத்துவிடுவாள். காய்க்காத பூ கொடியில் எதற்கு என்பது அவள் கணக்கு.

ஆனால் விட்டுவைத்த பிஞ்சுகளும் மஞ்சளாகி உதிர்ந்தன.

"கண்ணு பட்டுக்கீதுக்கா. பழைய செருப்பு ஒண்ணு கட்டித் தொங்கவுடு," என்றார் பூ வாங்க வந்த எதிர்வீட்டு அக்கா. அம்மா கட்டினாள். அப்படியும் உதிர்ந்தன.

"நீ பறிக்கிறது பூரா ஆம்பளப் பூவும்மா. அதுலதான் மகரந்தம் கீது. அது சேராம பிஞ்சு நிக்காது," என்றேன்.

"தோ பார்ரா! உங்க டீச்சரே பூவுக்குக் கல்யாணமும் பண்ணி வைக்குமா?"

"நானே பண்ணி வைக்கிறேன். நாளைக்கு ரெண்டு பூவ மட்டும் எனுக்கு வுடு."

மறுநாள் காலை அந்த இரண்டு பூக்களின் இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுவிலிருந்த மஞ்சள் தூளை, விரிந்திருந்த இரண்டு பெண் பூக்களின் சூல்முடியில் தடவினேன். அடையாளத்துக்குக் காம்பில் சிவப்பு நூல் கட்டினேன். மகரந்தம் முளைத்து, குழாயாக இறங்கி, சூலகத்தில் உள்ள சூல்களைச் சேரும் என்று புத்தகத்தில் படம் வரைந்து பழகியிருந்தேன். படம் தப்பாக இருந்தால் என் பேச்சு அந்த வீட்டில் அதன்பிறகு எடுபடாது.

ஒரு வாரத்தில் மற்றப் பிஞ்சுகள் விழுந்தன. நூல் கட்டிய இரண்டும் பருத்தன. மாசியில் அம்மா ஒன்றை அறுத்தாள். உள்ளே விதைகள் நெருக்கமாக இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு மகரந்தத்தூள் வந்து சேர்ந்த சூல். விதைகளைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்தபடி அம்மா எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னாள்: "எல்லாப் பூவையும் பறிக்கக் கூடாதுடி. ஆம்பளப் பூவு ரெண்டு வுட்டு வைக்கணும். எம்பொண்ணு சொல்லிச்சு."

காலேஜைப் பற்றி மட்டும் அவள் வாய் திறக்கவில்லை. தேர்வு முடிவு வந்த மறுநாள், "நாளைக்கு கம்பெனில வந்து பாக்கச் சொல்லிக்கிறாங்க," என்றாள்.

தாவரவியலுக்கான விண்ணப்பத்தைத் தாம்பரம் காலேஜுக்குப் போய் அன்று காலையே கொடுத்துவிட்டு வந்ததைச் சொன்னேன்.