பூனைக்குட்டி கொழும்புக்குக் கிளம்பிய நாள்

இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என் கடைசி மகள் செலின் முற்றத்தில்தான் இருக்கிறாள். கோழியைப் பிடித்து வைத்து அதற்குப் பவுடர் போட்டுக்கொண்டிருக்கிறாள். கோழி எவ்வளவு கத்தினாலும் பரவாயில்லை. சத்தம் கேட்கும்வரை எனக்கு நிம்மதி.

நடந்து ஒரு வாரம் ஆகிறது.

எங்கள் வீட்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் நிறையப் புலம்பியிருக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக: தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒட்டினாற்போல் இரண்டு வீடு. ஒன்றில் நாங்கள். அடுத்ததில் கொழுந்தன் சவரிமுத்துவும் அவர் மனைவி மரியாவும். நடுச்சுவரை இடித்து ஒரு வாசல் விட்டிருக்கிறோம். என் பிள்ளைகள் மூன்று, மரியாவுக்கு இரண்டு. எந்தப் பிள்ளை எந்த வீட்டில் தின்னும், எங்கே தூங்கும் என்று யாரும் கேட்பதில்லை. போதாததற்கு டைகர் என்றொரு நாய், கோழிகள், ராணி என்ற பூனை.

ராணி குட்டி போட்டிருந்தது. அங்கேதான் கதை ஆரம்பம்.

சவரிமுத்து தோணியில் தண்டல். அதாவது கேப்டன். கொழும்புக்கு வெங்காயமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு போவார். தோணி என்றால் எலி. எலி என்றால் மூட்டையில் ஓட்டை. ஆகவே தோணிக்கு ஒரு பூனை வேண்டும். அதிலும் ஒரு வழக்கம் உண்டு. பூனையை விலைக்கு வாங்கக் கூடாது. தெரிந்த வீட்டில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். குட்டியாகவே கொண்டுபோய்விட வேண்டும். கரை பழகிய பூனை தோணியில் நிற்காதாம். போன தடவை வளர்ந்த பூனையைக் கொண்டுபோனார்; அது கொழும்பில் குதித்து இறங்கி அந்த ஊர்க் குடிமகளாகிவிட்டது.

எனவே இந்தத் தடவை, “மயினி, சின்னதாப் பாத்து ஒண்ணு தாங்க” என்றார் கொழுந்தன். நானும் நெற்றியில் கறுப்புத் திட்டு உள்ள குட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். சனிக்கிழமை காலை. செலின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. இரண்டு வீட்டுக்கும் கடைக்குட்டி. பென்சில் முனை ஒடிந்தாலே தெருவைக் கூட்டுகிறவள். அன்றைக்கு அழவில்லை.

அடடா, பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். அழுகிற பிள்ளையைப் பற்றித்தான் நாம் கவலைப்படுகிறோம், இல்லையா?

மத்தியானம் சாப்பாட்டுக்கு அவள் வரவில்லை. மரியா வீட்டில் தின்றிருப்பாள். மரியா என்ன நினைத்தாள்? என் வீட்டில் தின்றிருப்பாள். சாயங்காலம் விளையாட்டுச் சத்தத்தில் அவள் சத்தம் இருந்ததா? இருந்த மாதிரிதான் இருந்தது...

பொழுது சாயும்போது ஜெபமாலைக்கு உட்கார்ந்தோம். ஜெபமாலையில் ஐந்து பகுதி. ஒவ்வொன்றிலும் பத்து மணிகள். ‘பத்து’ என்றே சொல்லுவோம். எங்களிடம் இருப்பதும் ஐந்து பிள்ளைகள். ஆளுக்கொரு பத்தைத் தொடங்கிச் சொல்ல வேண்டும் என்பது என் வீட்டுக்காரர் போட்ட சட்டம். மூத்தவன் ஜெரால்டு முதல் பத்து. கடைக்குட்டி செலின் கடைசிப் பத்து. அவள் பாதி வார்த்தையை விழுங்கி ரயில் மாதிரி ஓட்டுவாள். அதற்காகவே கடைசியில் வைத்தது... எல்லோருக்கும் பசி நேரம்.

ஜெரால்டு சொன்னான். அடுத்தவள் சொன்னாள். மரியாவின் பிள்ளைகள் சொன்னார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது பத்தை யாரும் தொடங்கவில்லை.

தூங்கிவிட்டாள் போல என்று கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் தட்டினேன். கையில் தட்டுப்பட்டது டைகர்.

“செலின் எங்க?”

“ஒங்க வீட்லதானக்கா இருந்தா?” என்றாள் மரியா.

“ஒன் வீட்லதான இருந்தா?” என்றேன் நான்.

அந்த நிமிஷத்தைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. முதலில் ஓடியது கிணற்றடிக்கு. என் வீட்டுக்காரர் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை. இவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றார்.

தெருவே இறங்கிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். யாரோ சொன்னார்கள் என்று டைகருக்குச் செலினின் கவுனை மோப்பம் காட்டினோம். அதுவும் பிரமாதமாக மோந்துவிட்டுக் கிளம்பியது. பின்னாலேயே பிள்ளைகள் கூட்டம். தெரு திரும்பி, சந்து திரும்பி, நேராகக் கொண்டுபோய் நிறுத்தியது கறிக்கடையில்!

மரியாதான் முதலில் கண்டாள். அடுப்படி ஓரத்தில் ராணிக்கு வைத்த மீன்தலை அப்படியே இருந்தது. ராணி மீன்தலையை விட்டுவைக்கிற ஜாதி இல்லை. பக்கத்தில் இருக்க வேண்டிய பெரிய ஓலைக் கடகத்தையும் காணோம்.

“அம்மா...” என்று இழுத்தான் ஜெரால்டு. முகம் வெளிறிப் போயிருந்தது. “மத்தியானம் செலின் என்கிட்ட ஒண்ணு கேட்டா. தோணியில பால் இருக்குமான்னு.”

“நீ என்னல சொன்ன?”

“கடல்ல ஏதுளா பாலுன்னு சிரிச்சேன்.”

இவர் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

துறைமுகத்தில் தோணி இல்லை. சரக்கு ஏற்றி முடித்து, கரையை விட்டு நகர்ந்து, கொஞ்ச தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றது. கரைக்காற்று எழும்பினால் பாய் விரித்துவிடுவார்கள். விரித்துவிட்டால்...? அதற்குமேல் நான் நினைக்கவில்லை.

மூட்டை தூக்குகிற அண்ணாச்சி ஒருவர் சாவகாசமாகச் சொன்னார். “தண்டல் வீட்டுப் பாப்பாவா? ஆமா, மத்தியானம் ஒரு கடகத்தத் தூக்க மாட்டாமத் தூக்கிட்டுப் பலகையில ஏறிச்சு. சித்தப்பாவுக்குச் சாப்பாடுன்னு நெனச்சோம். எறங்கியிருக்குமே!”

எறங்கியிருக்குமே! இந்த ஒரு வார்த்தையைத்தானே நாங்கள் எல்லோரும் அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம்? தின்றிருப்பாளே, தூங்கியிருப்பாளே, அங்கே இருப்பாளே...

ஒரு வள்ளத்தைப் பிடித்து ஏறினோம். நான் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள். ஆனாலும் வள்ளம் ஆடினால் எனக்குத் தலை சுற்றும். அன்றைக்குச் சுற்றியதா என்று தெரியாது.

“ஏலே சவரிமுத்து! ஏலே!” என்று கத்தினார் இவர்.

தோணியின் ஓரத்தில் கொழுந்தன் தலை தெரிந்தது. “என்னண்ணே? யாருக்கு என்ன?”

“செலின் அங்கன இருக்காளால?”

“நம்ம தோணியிலயா? சும்மா இரிண்ணே. நான் கஸ்டம்ஸுக்குப் போயிட்டு வந்து இங்கனதான் நிக்கேன். ஒரு ஈ கூட ஏறல.”

இனி எங்கே போய்த் தேடுவது என்று கரையைத் திரும்பிப் பார்த்தேன். நல்லவேளை, அதற்குள் தோணியின் உள்ளேயிருந்து சமையல்காரர் குரல் வந்தது.

“தண்டல்! இங்க வாங்க... இங்க வந்து பாருங்க!”

என்னை இரண்டு பேர் கையைப் பிடித்து மேலே தூக்கினார்கள். முழங்கால் உரசியதுகூட மறுநாள்தான் தெரிந்தது.

பழைய பாய்களை மடித்துப் போட்டிருக்கும் மூலை. முன்னால் வெங்காய மூட்டைகள். அந்த இடுக்கில், பாய்த் துணியின் மேல் சுருண்டு படுத்திருந்தாள் என் மகள். பக்கத்தில் கடகம். கடகத்துக்குள் ராணி, பெரிய வீட்டு அம்மாள் போலச் சாய்ந்து படுத்திருந்தது. அதன் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நெற்றியில் கறுப்புத் திட்டு உள்ள அந்தக் குட்டி... சப்புச் சப்பென்று பால் குடித்துக்கொண்டிருந்தது.

விளக்கு வெளிச்சம் பட்டு செலின் கண்ணைக் கசக்கினாள். என்னைப் பார்த்தாள்.

“கொழும்பு வந்துட்டாம்மா?”

வள்ளத்தில் வரும்போதே திட்டுவதற்கு எவ்வளவோ அடுக்கி வைத்திருந்தேன். “சாப்பிட்டியா?” என்றுதான் கேட்டேன்.

“வெங்காயம் தின்னேன்” என்றாள். அவளை வாரி எடுத்து முகத்தோடு வைத்துக்கொண்டேன். ஆமாம், வெங்காயம்தான். இனி என் ஆயுசுக்கும் வெங்காயம் உரிக்கும்போது நான் அழுதால், யாரும் வெங்காயத்தைக் குறை சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரர் மூட்டை மேல் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. தன் அப்பா இறந்தபோதுகூட நிமிர்ந்து நின்றவர்.

“ஏளா, எதுக்குளா இங்கன வந்த?” என்றார் சவரிமுத்து. அதட்டலாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“குட்டி பால் குடிக்குதுல்லா சித்தப்பா? அதுக்கு அம்மா வேணும்லா? ராணிய விட்டுட்டு நான் எறங்கிரலாம்னுதான் பாத்தேன். குட்டி குடிக்குதான்னு பாத்துட்டுப் போவோம்னு உக்காந்தேன். தூக்கம் வந்துட்டு.”

“முழிச்சப்ப பயமா இல்லியாளா?”

“இப்பத்தான முழிச்சேன்!” என்றாள். பிறகு, நாங்கள் ஏதோ அறிவில்லாமல் கேட்டுவிட்டது போல, “நம்ம சித்தப்பா தோணிதான?” என்றாள்.

கொழுந்தன் கடகத்தைத் தூக்கி, தாயும் குட்டியுமாக என் வீட்டுக்காரர் மடியில் வைத்தார். “ரெண்டையும் கொண்டுட்டுப் போங்கண்ணே. பால் மறக்கட்டும், பொறவு பாத்துக்கிடுவோம்.”

“அப்ப எலிக்கு என்ன செய்ய, தண்டல்?” என்றார் சமையல்காரர்.

“இந்த நடை அதுவளும் கொழும்பு பாத்துட்டு வரட்டும்.”

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பா அது? எப்படியோ மூச்சு வந்தது.

நாட்கணக்கில் யோசித்துப் பார்க்கிறேன். நிறையப் பேர் இருக்கிற வீட்டில் பிள்ளை தொலைவது எவ்வளவு சுலபம்! எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று யாருமே பார்க்கவில்லை. அந்தத் தோணி கொஞ்சம் முந்திப் பாய் விரித்திருந்தால் என்ற எண்ணம் வரும்போதெல்லாம் எழுந்து போய் அவள் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வருகிறேன். நடுச்சுவர் வாசலை அடைத்துவிடலாமா என்றுகூட ஒருநாள் இவரிடம் கேட்டேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். நடுக்கடல் இருட்டில் கண் விழித்தாலும் ‘நம்ம சித்தப்பா தோணிதான’ என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு எங்கிருந்து தைரியம் வருகிறது? அந்த வாசலிலிருந்துதான் வருகிறது. ஒரு தாயைக் கடகத்தில் தூக்கிக்கொண்டு போய்க் குட்டியிடம் சேர்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே... அதை நானா சொல்லிக்கொடுத்தேன்? குட்டியைப் பிரித்துக் கொடுத்தவளே நான்தான்.

வாசல் இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டோம். ஒரே ஒரு மாற்றம்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டு ஜெபமாலையில் முதல் பத்து செலினுடையது. ஐந்தாவது வரை காத்திருக்க எனக்குத் தெம்பில்லை.