வழக்கில்லை என்ற ஒரு சொல்

கோர்ட்டில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பார்க்க வந்தால், "மேடம் சர்வீஸ்ல ஒரு தப்புகூடப் பண்ணினதில்லையாமே?" என்று கேட்கிறார்கள். யாரோ நல்லெண்ணத்தில் கிளப்பிவிட்ட புரளி. ஒரே ஒரு தலையாட்டலில் ஒரு பெண்ணின் மாட்டுக் கொட்டகையைக் காலி செய்யப் பார்த்தவள் நான்.

1. தலையாட்டல்

அப்போது பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் ஒரு முன்சீப் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தேன். சின்ன கோர்ட். மேலே மின்விசிறி சுற்றினாலும் ஜன்னல் வழியாக வரும் கிழக்குக் காற்றுதான் ஃபைல்களைப் பறக்கடிக்கும். இன்றைக்கும் அந்தப் புழுதி வாசனைக்கு மனம் ஏங்குகிறது.

கட்சிக்காரர்களில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். எழுதுவது மலையாளத்தில். தனியாக மொழிபெயர்ப்பாளர் கிடையாது. நான் டவுனில் ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ், படிப்பு மலையாளம். "மேடம் இருக்காங்கல்ல" என்று அந்த வேலையையும் என்னிடம் தள்ளிவிட்டார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

எருத்தேன்பதிப் பக்கத்திலிருந்து மயிலாத்தாள் என்ற பெண் போட்ட கேஸ் அது. கணவர் இறந்துவிட்டார். இரண்டு எருமை, ஒரு பசு. பால் ஊற்றித்தான் பிழைப்பு. கணவரும் அவருடைய அண்ணன் ஆறுச்சாமியும் பாகம் பிரித்தபோது கிணறு அண்ணனுக்கும் வாய்க்கால் தண்ணீர் தம்பிக்கும் போயின. ஆனாலும் குடிக்கவும் மாடுகளுக்கும் தண்ணீர் எடுத்தது கிணற்றில்தான். பிறகு மயிலாத்தாளின் மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை, கிணற்றுக்குப் போகும் கேட்டைப் பூட்டிவிட்டார். பங்குனி மாதம், வாய்க்கால் வறண்டு கிடந்தது. கேட் திறக்காவிட்டால் மாடுகளை விற்க வேண்டியதுதான்.

பாகப்பத்திரத்தில் பயிர்த் தண்ணீரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். குடிதண்ணீரைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. சட்டமோ இருபது வருஷம் தொடர்ந்து தண்ணீர் எடுத்திருந்தால்தான் உரிமை என்றது. பத்திரம் எழுதி ஒன்பது வருஷம்தான் ஆகியிருந்தது.

மயிலாத்தாள் கூண்டில் ஏறிச் சொன்னார்: "தாகத்துக்குத் தண்ணி மறிக்கறது எங்கூருல வழக்கில்லீங்க."

முன்சீப் தெற்கேயிருந்து வந்த மலையாளி. மலையாளத்தில் வழக்கு என்றால் சண்டை. தனக்குத் தெரிந்த சொல் என்ற தைரியத்தில், "வழக்கில்லா, அல்லே?" என்று என்னைப் பார்த்தார். எனக்கோ வழக்கு என்றால் கேஸ். ஆமாம் என்று தலையாட்டினேன். 'தண்ணீர் விஷயத்தில் ஊரில் வழக்கில்லை' என்று வாக்குமூலத்தில் ஏறிவிட்டது. படித்துக் காட்டியபோது தான் சொன்ன சொல்லே காதில் விழுந்ததால், மயிலாத்தாளும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எதிர்க்கட்சி வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். "சண்டையே இல்லைன்னு வாதியே சொல்லியாச்சு. பின்னே எதுக்கு சார் கேஸ்?"

2. பஸ்

அன்று சாயங்காலம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். பெண் பார்க்கப் போய்த் திரும்புகிறவர்கள். ஒருத்தி சொன்னாள்: "அவிய சாப்பிடச் சொல்லி எத்தன வற்புறுத்துனாங்க தெரியுமா? பேசி முடிக்கறதுக்கு முன்னால கை நனைக்கறது எங்க வழக்கில்லீங்கன்னுட்டு வந்துட்டோம்."

வழக்கம்! மயிலாத்தாள் சொன்னது அதைத்தான். தாகத்துக்குத் தண்ணீர் மறிப்பது அந்த ஊர் வழக்கமே இல்லை என்று அவர் தன் ஒரே ஆதாரத்தைச் சொல்ல, அதையே அவருக்கு எதிராகத் திருப்பிவிட்டிருந்தேன்.

மறுநாள் காலை முன்சீப்பின் அறைக்குப் போனேன். மயிலாத்தாள் கேஸ் என்று வாயைத் திறந்ததும் கை காட்டி நிறுத்தினார். "ஒரு கட்சிக்கு நல்லது செய்யற விஷயத்தை இன்னொரு கட்சி இல்லாம நான் கேட்கக் கூடாது. எதுவானாலும் கோர்ட்டில் சொல்லுங்க" என்றார் மலையாளத்தில்.

சொன்னேன். நிறைந்த கோர்ட்டில் எழுந்து நின்று, நேற்று நான் தப்பாகத் தலையாட்டினேன் என்றேன். "மேடத்துக்குக் கனவுல வந்துச்சா?" என்றார் எதிர்க்கட்சி வக்கீல். வெட்கம் பிடுங்கித் தின்றது.

முன்சீப் மயிலாத்தாளை மறுபடி கூண்டில் ஏற்றினார். வழக்கில்லை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்கச் சொன்னார்.

"அப்படியொரு பழக்கமே இல்லைன்னேனுங்க" என்றார் அவர். "சண்டை இல்லாமயா வெயில்ல இவ்வளவு தூரம் வந்து நிக்கறேன்?"

வக்கீல்கள்கூடச் சிரித்தார்கள். அடுத்து ஆறுச்சாமி. முன்சீப் கேட்டதை நான் தமிழில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன். வழியில் போகிற மாடு ஒன்று தாகத்தோடு கிணற்றடிக்கு வந்தால் விரட்டுவாரா?

"அதெப்படிங்க? வாயில்லாச் சீவன். தொரத்துனாப் பாவமுங்க."

யாருடைய மாடு என்று விசாரிப்பாரா?

"தண்ணி காட்டறதுக்கு எதுக்குங்க அதையெல்லாங் கேக்கறது?"

சொல்லி முடித்த பிறகுதான் எங்கே வந்து நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார். போதும், இறங்கலாம் என்றார் முன்சீப்.

3. செக்ஷன்

பத்திரமும் சட்டமும் பேசாத இடத்தில் நீதி, நியாயம், நல்ல மனசாட்சி ஆகிய மூன்றையும் வைத்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது என்று முன்சீப் தீர்ப்பில் எழுதினார். பயிருக்குக் கிணற்றுத் தண்ணீர் எடுக்கும் உரிமை ஆறுச்சாமிக்கு மட்டும். குடத்துக்கும் மாட்டுக்கும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கேட் திறந்திருக்க வேண்டும். மயிலாத்தாள் மோட்டாரோ ஹோஸோ போடக் கூடாது.

நகல் வாங்கிய ஆறுச்சாமி வராந்தாவில் என்னை நிறுத்தினார். "ஏனுங்க மேடம், அப்பீல் போலாம்னு வக்கீல் சொல்றாருங்க. எந்தச் செக்சன்ல இப்படி எழுதியிருக்காருன்னு பாத்துச் சொல்லுங்க."

யோசனை சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, படித்துக் காட்டலாம். முடிவுக்கு வரும் இடத்தைப் புரட்டினேன். அங்கே செக்ஷன் நம்பர் இல்லை. தமிழ் வாக்கியம் ஒன்றை மலையாள எழுத்தில் அப்படியே போட்டிருந்தார். வாசித்தேன்.

"தண்ணி காட்டறதுக்கு எதுக்குங்க அதையெல்லாங் கேக்கறது?"

"அது நாஞ் சொன்னதுங்களே" என்றார் ஆறுச்சாமி.

"ஆமாங்க. அத வெச்சுத்தான் எழுதியிருக்காரு."

எந்த வரி என்று கேட்டு அதில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். அப்பீல் வரவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ ஜட்ஜுகளிடம் வேலை பார்த்தேன். அவரைப்போல ஒருவரிடம் மறுபடி பெஞ்ச் கிளார்க்காக உட்கார முடியாதா என்று இப்போதும் தோன்றும். பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். சட்டம் பேசாமல் இருக்கும்போது ஜட்ஜுக்கு மிஞ்சுவது எதிரே நிற்கிற மனிதரின் பேச்சு. அது உங்கள் காது வழியாகத்தான் அவருக்குப் போகிறது. புரியாத சொல் வந்தால் நீங்களே கேட்டுவிடுவீர்கள், அதில் பயமில்லை. புரிந்துவிட்டது என்று தலை ஆடத் தொடங்குகிறதே, அப்போது இன்னொரு தடவை கேளுங்கள்.