ஹோசா அம்மாவின் பூச்சி

தான்சானியாவின் உசம்பாரா மலை மேல்காட்டுக் குடிசைக்குக் காவல் ஷெம்டோ அண்ணன். பெண்சாதி செத்து நாலு வருஷம். ஒரே பையன் ஹோசா பால்பல் விழும் முன்னே காய்ச்சலில் போனான். வாரம் ஒருமுறை நான் மாவும் பீன்சும் கொண்டுபோனால்தான் அவருக்குப் பேச்சுத்துணை. மற்ற நாளெல்லாம் குரங்குகள்தான்.

போன வருஷம் தாரெஸ்ஸலாமிலிருந்து நேமா என்ற டாக்டரம்மா பூச்சி ஆராய்ச்சிக்கு வந்தார். பேட்டரி சுமந்தது நான். வெள்ளைத் துணி கட்டி விளக்கு எரியவிட்டு, விடிந்ததும் துணியில் ஒட்டியிருப்பதைப் பார்ப்பது அவர் வேலை. அண்ணனோ பக்கத்து மரத்தைக் காட்டினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு பூச்சி. மேல்சிறகு பாசி பிடித்த பட்டைபோல, மரத்தோடு மரமாக இருந்தது. விரலால் தொட்டதும் விரித்தது. கீழ்ச்சிறகு முழுக்க மஞ்சள், ஓரத்தில் கறுப்புக் கரை.

“என் பெண்சாதி இடுப்புல சுத்திக் கட்டுற கங்காத் துணி மாதிரியே,” என்றார் அண்ணன்.

“இது புது இனம் மாதிரி இருக்கு, பெரியவரே. நீங்கதான் கண்டுபிடிச்சீங்க, உங்க பேரையே வச்சிடலாம்.”

“என் பேரு எதுக்கு? அவ பேரை வைங்க. அந்தப் பேரை வச்சுக்க ஒரு பேத்திகூட இல்ல.”

“சரி. அவங்க பேரு என்ன?”

எங்கள் பக்கம் பெண்சாதி பெயரைப் புருஷன் வாயால் சொல்வதில்லை. பிள்ளை போனாலும் அவள் பிள்ளையின் அம்மாதான். அண்ணன் தரையைப் பார்த்தார். “ஹோசா அம்மா.”

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். திருத்திச் சொல்ல எனக்கும் அவள் பெயர் தெரியாது. இந்த மலையில் அது தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

போன மாதம் டாக்டரம்மாவின் கட்டுரை அச்சான தாள் வந்தது. படம் அப்படியே இருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். பூச்சிக்கு வைத்த பெயரில் ஹோசா மட்டும்தான் இருந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

“அம்மாங்கிறதைப் பேருன்னு போட முடியல. அச்சாயிடுச்சு, இனி மாத்த முடியாதுப்பா.”

அண்ணன் தாளை மடித்து மாவு டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

நேற்றுப் போனேன். அண்ணன் தன் படுக்கைத் துணியை மரத்தில் கட்டி, அரிக்கன் விளக்கைத் தொங்கவிட்டிருந்தார். விடிந்தும் அணைக்கவில்லை.

“யாருண்ணே வர்றாங்க?”

“யாரும் வரல. புதுசா இன்னொண்ணு அகப்படாமலா போயிடும்? இந்தத் தடவை வாயத் திறந்து சொல்லிடுவேன்.”

“எங்க, இப்ப சொல்லிப் பழகுங்க. இல்லேன்னா மறுபடியும் ஹோசாதான்.”

வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. மூடிக்கொண்டார்.

“போடா, முதல்ல பூச்சி கிடைக்கட்டும்,” என்று துணியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.