மிளகு வியாபாரியின் வீடு

நியூஜெர்சியில் நாங்கள் இருந்த சிற்றூரின் பெரிய தெருவில் ஒரு பழைய வியாபாரியின் வீடு உண்டு. மிளகும் தேயிலையும் கப்பலில் வரவழைத்து விற்றவன் கட்டியது. எண்பதுகளில் அதைக் காட்சிக்கூடமாக வைத்திருந்தார்கள். ஞாயிறுதோறும் ஊர்ப் பெண்கள் சிலர் அந்த வியாபாரி காலத்து உடையில் வந்து வீட்டைச் சுற்றிக் காட்டுவார்கள்.

என் மனைவி அதற்கு ஆசைப்பட்டாள். சென்னையில் வரலாறு படித்தவள், இங்கே ஆறு வருடமாக வீட்டுக்குள்ளேயே இருந்தாள். பொறுப்பிலிருந்த வெள்ளைக்கார அம்மாள் அவளிடம் பேசிப் பார்த்துச் சமையலறையைச் சுற்றிக் காட்டும் வேலையை ஒப்படைத்தாள். இவள் பழுப்பு நிறப் புடவை ஒன்றை வெட்டி நீளப் பாவாடை தைத்தாள். பாத்திரம் கழுவும்போதெல்லாம் ஆங்கிலத்தில் ஒத்திகை.

"ஏங்க, அந்த மிளகு நம்ம பக்கத்துலேர்ந்துதான் வந்துச்சுன்னு பார்க்க வர்ற குழந்தைங்ககிட்ட சொல்லப்போறேன்."

"வேலைக்காரி வேஷம் போட்டுக்கிட்டா? என் ஆபீஸ் ஆளுங்க வந்து டிப்ஸ் கொடுப்பாங்க, பாரு."

"கொடுத்தா வாங்கிப்பேன். உங்களுக்குப் பாதி."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மேலதிகாரி அவளை அந்த அடுப்பருகே பார்த்துவிடுவாரோ என்பதுதான் என் பயம்.

முதல் ஞாயிறுக்கு இரண்டு நாள் இருக்கையில், அலுவலகத்திலிருந்து அந்த அம்மாளுக்குப் போன் செய்தேன். என் மனைவிக்கு விருப்பமில்லை, சொல்லக் கூச்சப்படுகிறாள், இனி அழைக்க வேண்டாம் என்றேன். மாலையில் மனைவியிடம், "அந்த அம்மா எனக்கு போன் பண்ணாங்க. உன் இங்கிலீஷ் வர்றவங்களுக்குப் புரியாதாம். வேண்டாம்னுட்டாங்க" என்றேன்.

அவள் பாவாடையைப் பிரித்துத் தலையணை உறை தைத்தாள். அதன்பின் வெளியாரிடம் ஆங்கிலம் பேசுவதையே விட்டுவிட்டாள். மகளின் ஆசிரியையிடமும் நான்தான் பேச வேண்டியிருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் சூப்பர் மார்க்கெட்டில் அந்த அம்மாள் எதிரே வந்தாள். என் மனைவி தள்ளுவண்டியைச் சட்டென்று அடுத்த வரிசைக்குத் திருப்பிவிட்டாள். "இன்னும் கூச்சம் போகவில்லையா?" என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன். பத்தடி தூரம்தான். மனைவியைக் கூப்பிட்டிருந்தால் எல்லாம் அப்போதே வெளிவந்திருக்கும்.

அதற்குப் பிறகும் முப்பது வருடம் ஒன்றாக இருந்தோம். நான் சொல்லவில்லை. கடைசி நாட்களில் மருத்துவமனையில், வலி எங்கே இருக்கிறது என்று டாக்டர் கேட்டபோதுகூட அவள் என் முகத்தைப் பார்த்துத் தமிழில்தான் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன்.