தண்ணீருக்குப் போன இருபத்திரண்டு பேர்

முதலில் இருக்கையை முன்னால் இழுத்துக்கொள்வாள். பிறகு பக்கக் கண்ணாடிகள். அதற்கப்புறம்தான் காரின் சொந்தக்காரரைத் திரும்பிப் பார்த்து, "பிரேக்கு எப்படி, நம்பலாமா?" என்று கேட்பாள். 1863இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் பெரிய சண்டை நடந்த கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் வழிகாட்டிகள், வருகிறவர்களின் காரைத் தாங்களே ஓட்டிக்கொண்டு கதை சொல்வது வழக்கம். டார்லா கெப்ஹார்ட் இருபத்தாறு வருடங்களாக இப்படி ஊரார் கார்களை ஓட்டுகிறாள். அதற்கு முன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். "அதுக்கு இது தேவல. இவங்க சீட்டுக்கு அடியில சூயிங்கம் ஒட்ட மாட்டாங்க" என்பாள்.

வயது அறுபத்தேழு. கட்டையான உருவம், கத்தரித்த நரைமுடி. எப்போதும் ஜன்னலுக்கு வெளியே தொங்குவதால் இடது கை மட்டும் செங்கல் நிறம். பின் இருக்கையில் கிடக்கும் சாமான்களை வைத்தே ஆளை எடைபோட்டுவிடுவாள். தடித்த வரைபடப் புத்தகம் கிடந்தால், வந்தவர் தனக்கே பாடம் எடுக்கப் போகிறார் என்று அர்த்தம். குழந்தை இருக்கை இருந்தால் பீரங்கிகளோடு நிறுத்திக்கொள்வாள்.

மூன்று நாள் சண்டையை இரண்டு மணி நேரத்தில் சொல்ல வேண்டும். சொல்லிவிடுவாள். அதற்குள் யாராவது ஒருவர், "இந்தக் குன்று மட்டும் அன்னிக்கு விழுந்திருந்தா போரே மாறியிருக்கும், இல்லையா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. டார்லா கியரை மாற்றிக்கொண்டே பதில் சொல்வாள். "இங்க சண்டை முடிஞ்ச மறுநாள் விக்ஸ்பர்க் கோட்டை விழுந்துச்சு. மிசிசிப்பி ஆறே வடக்குக்காரங்க கைக்குப் போச்சு. எது பெரிய திருப்பம்னு அவங்களையும் ஒரு வார்த்தை கேளுங்க. என்ன, நம்ம ஊர் நெடுஞ்சாலைக்குப் பக்கத்துல இருக்கு, கூட்டம் இங்க வருது."

மேட்டின் மேல் ஒரு சின்ன வெள்ளை வீடு இருக்கிறது. சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின விவசாயி ஒருவரின் வீடு. எல்லோரும் பீரங்கிகளைப் பார்க்க அவசரப்படும்போது அவள் அங்கே வண்டியை நிறுத்திவிடுவாள். "பீரங்கி எங்கயும் ஓடிடாது. ஓட வேண்டியிருந்தது இந்த வீட்டுக்காரங்கதான். தெற்குப் படை வர்ற வழியெல்லாம் கறுப்பு ஜனங்களைப் பிடிச்சு, அடிமையா விக்க ஓட்டிக்கிட்டுப் போச்சு. போர் எதுக்குன்னு கேட்டா நான் இந்த வீட்டைத்தான் காட்டுவேன்."

அவளுக்கென்று ஒரு கிறுக்கு உண்டு. சண்டையின் இரண்டாம் நாள், தெற்குப் படையின் அலபாமா வீரர்கள் இருபத்தைந்து மைல் நடந்து வந்த களைப்போடு லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில் ஏற வேண்டியிருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. இருபத்திரண்டு பேரைப் பொறுக்கி, எல்லோருடைய குடுவைகளையும் தோளில் மாட்டிக் கிணற்றுக்கு அனுப்பினார்கள். அவர்கள் திரும்புவதற்குள் ஏறச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. நாக்கு வறண்டவர்கள் ஏறினார்கள், சரிந்தார்கள். தண்ணீர்க்காரர்கள் வழி தவறி வடக்குப் படையிடம் சிக்கினார்கள். தளபதிகளைப் பற்றித்தான் அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் இருக்கின்றனவே, இந்த இருபத்திரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று டார்லா தேட ஆரம்பித்தாள். குளிர்காலத்தில் வேலை குறைவு. சிறைப் பதிவுகள், தேவாலயப் பேரேடுகள் என்று தேடியதில் பதினான்கு பேர் அகப்பட்டார்கள்.

போன ஜூன் மாதம் அலபாமா எண் பலகையோடு ஒரு வண்டி வந்தது. எண்பதைத் தாண்டிய பெரியவர் முன் இருக்கையில், மகள் ரீட்டா பின்னால்.

"பேரு ஹோலிஸ் பிரேசியர்மா. எங்க கொள்ளுத்தாத்தா அமோஸ் இந்தக் குன்றுலதான் செத்தாரு. சாகறதுக்கு முன்னாடி அந்த இடத்தை ஒரு தடவை பாத்துடணும்."

டார்லா கண்ணாடியைச் சரிசெய்வதுபோல ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டாள். அமோஸ் பிரேசியர், அவள் கண்டுபிடித்த பதினான்கு பேரில் ஒன்பதாவது ஆள்.

அன்று அவள் கதை ஓடவில்லை. ஒரு படைப்பிரிவை வேறொரு தோப்பில் நிறுத்திவிட்டு, திருத்திச் சொன்னாள். வெள்ளை வீட்டருகே வழக்கம்போல நிறுத்தினாள். பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். "எங்க ஊர்ல இதை யாரும் சொல்லித் தரலம்மா" என்றார். இவரிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது.

குன்றின் தெற்குச் சரிவில், பாறைகளுக்கு நடுவே, பெரியவர் மகளின் தோளைப் பிடித்து மெல்ல மண்டியிட்டார். சட்டைப் பையிலிருந்து கரண்டி வந்தது. ரீட்டா கைப்பையிலிருந்து காலி ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றை எடுத்துத் திறந்தாள்.

"ஐயா, இங்க மண்ணெடுக்கக் கூடாது. சட்டம் இருக்கு."

"ஒரு கரண்டிம்மா. ஊர்ல கொள்ளுப்பாட்டி கல்லறை பக்கத்துல அவருக்கு ஒரு கல்லு நட்டிருக்கு. கீழ ஒண்ணுமில்ல. நாப்பத்தோரு வருஷம் அவ கறுப்புத் துணிதான் உடுத்தினா. எங்க ரத்தம் கலந்த மண்ணு இது. எனக்கா இல்லங்கறே?"

அவர் கரண்டியைக் குத்தினார். டார்லா அவருக்கு எதிரே பாறையில் உட்கார்ந்தாள்.

"உங்க ரத்தம் இங்க சிந்தலைங்க ஐயா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். குடுவைகள், கிணறு, பிடிபட்டது, டெலவேர் ஆற்றுத் தீவுச் சிறை. அடுத்த வருடம் வடக்குக்கு விசுவாசமாக இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அமோஸ் வெளியே வந்தார். ஊருக்குப் போகவில்லை. கெட்டிஸ்பர்க்குக்குப் பக்கத்து வட்டாரத்தில் சுண்ணாம்புச் சூளையில் வேலை பார்த்தார். சுசானா என்கிறவளைக் கட்டிக்கொண்டார், நான்கு பிள்ளைகள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கில் செத்தார்.

"யாரோ அதே பேருல வேற ஆளு" என்றாள் ரீட்டா, கோபமாக.

"இருக்கலாம்னுதான் நானும் பாத்தேன். வர்ற வழியில ஐயா சொன்ன ஊர் பேருதான் சிறைப் பதிவுலயும் இருக்கு. அவர் கொள்ளுப்பாட்டி பேரும் இருக்கு."

பெரியவர் கரண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஓடிப் போகலயே?"

"இல்ல. தண்ணி எடுக்கப் போனாரு, புடிச்சுட்டாங்க."

"அப்புறம் ஏன் வரல?"

"தெரியலைங்க ஐயா. அது எந்தக் காகிதத்துலயும் இல்ல."

"எங்க இருக்கான்?" மரியாதை கழன்றுவிட்டிருந்தது.

"பதினோரு மைல். லூத்தரன் சர்ச்சுக்குப் பின்னாடி."

நேரம் முடிந்துவிட்டது. அடுத்த கார் காத்துக்கொண்டிருந்தது. டார்லா அலுவலகத்துக்குப் போன் பண்ணி, அதை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொன்னாள். வழியில் ரீட்டா மட்டும் ஒருமுறை, "நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

"இருந்திருக்கலாம். ஆனா அந்தப் பாட்டிலை மடியில வச்சுக்கிட்டு ஆயிரம் மைல் போவாரே. எனக்குத் தாங்கல."

கல்லறைத் தோட்டத்தின் கடைசி வரிசை. சுண்ணாம்புக் கல், எழுத்து பாதி தேய்ந்திருந்தது. அமோஸ், அலபாமாவில் பிறந்தவர். பக்கத்தில் சுசானா. பெரியவர் தேய்ந்த எழுத்தை விரலால் தடவினார்.

"தண்ணி கொண்டார இவ்ளோ நேரமாடா உனக்கு?" என்றார் கல்லைப் பார்த்து. சிரிக்கப் போனவர் முகம் கோணிக்கொண்டது.

"மண்ணு எடுத்துக்கலாம்பா" என்றாள் ரீட்டா, தணிந்த குரலில். "இங்க யாரும் தடுக்க மாட்டாங்க."

"வேணாம்மா. கொள்ளுப்பாட்டி பக்கத்துல இவனைக் கொண்டுபோய் வைக்க நாம யாரு? அவளைக் கேக்காம."

அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. டார்லா சட்டையில் குத்தியிருந்த வழிகாட்டி வில்லையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவர்களுக்கு முதுகைக் காட்டி வேலியோரம் போய் நின்றாள். அந்தப் பக்கம் தேவாலயத்து ஆள் ஒருவர் புல் வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, கிளப்பக் குனிந்தார். டார்லா அவரை நோக்கி உள்ளங்கையை உயர்த்தினாள். அவர் நிமிர்ந்து பார்த்து, இயந்திரத்தை விட்டு விலகி நின்றார். அவள் கையை இறக்கவில்லை.